சாயம் போனது யார் குற்றம்?



ஜோகூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். முன்னும் பின்னும் நெருக்கி எழுதியிருக்கிறார். கணவருக்குச் செம்பனைக் குலை தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டதாம். மூன்று மாதமாக இலகுவான வேலைதான், சம்பளமும் அதற்கேற்றபடிதான். வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கலாம் என்று, தெரிந்தவர் ஒருவரின் பேரப்பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, சின்னப் போர்வை என்று ஒரு செட் குரோஷா பின்னித் தர இவர் ஒப்புக்கொண்டார். அவர்கள் கேட்ட நிறம் மயில் நீலம். கடையில் அந்த நிறம் கிடைக்கவில்லை. வெள்ளை நூலாக எட்டு உருண்டை வாங்கி, துணிச்சாயப் பொட்டலம் ஒன்றைக் கரைத்து, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்துத் தாமே தோய்த்தார்.

நிறம் மங்கலாகத்தான் வந்தது. அதையே மூன்று வாரம் இரவில் கண்விழித்துப் பின்னிக் கொடுத்தார். முதல் துவைப்பிலேயே நீலம் இறங்கிக் குழந்தையின் வெள்ளைச் சட்டைகளில் எல்லாம் ஏறிவிட்டது. வாங்கியவர் செட்டைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டு, கொடுத்த எண்பது வெள்ளியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மாமியார், "உனக்குக் கைராசி இல்லை, விட்டுவிடு" என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு அலமாரிமேல் போட்ட குரோஷா ஊசியை இன்னும் எடுக்கவில்லையாம். கடைசி வரியில், "டீச்சர், என் கையில்தான் குற்றமா?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல வேளையாக, கடிதத்துக்குள் ஒரு சாண் நூலையும் மடித்து வைத்திருந்தார். அதை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடிகிறது.

அந்த நூலில் இரண்டு அங்குலம் வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பேசின் மேல் நீட்டி நெருப்புக் காட்டினேன். குபீரென்று பற்றியது, காகிதம் எரிகிற மணம் வந்தது. அதோடு சேர்ந்து கருப்புப் புகையும், பிளாஸ்டிக் எரிகிற கெட்ட வாடையும் வந்தன. அணைந்தபின் பார்த்தால் நுனியில் கொஞ்சம் சாம்பல். அதன் நடுவில் கடுகளவு கருப்பு மணி. நகத்தால் அழுத்தினேன், உடையவில்லை. ஆக, இது பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல். அவர் போட்ட சாயத்தைப் பருத்திப் பங்கு கொஞ்சம் குடித்தது. அக்ரிலிக் பங்கு குடிக்கவே இல்லை. அதனால்தான் நிறம் மங்கியது. குடித்த பங்கிலும் சாயம் ஏன் நிற்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

"பாக்கெட்டில் காட்டன் என்றுதானே போட்டிருந்தது?" என்று அவர் கேட்கக்கூடும். இப்போது கடைகளிலும் கைப்பேசி வழி விற்பனையிலும் எங்கே பார்த்தாலும் 'மில்க் காட்டன்' என்ற பெயரில் 50 கிராம் உருண்டைகள் கிடைக்கின்றன. விலை மலிவு, கைக்கு மெது, நிறங்களும் ஏராளம். பின்னுவதற்கு நல்ல நூல்தான், நானும் வாங்குகிறேன். ஆனால் பெயரில் காட்டன் இருப்பதால் அது முழுப் பருத்தி ஆகிவிடாது. பெரும்பாலும் கலப்பு நூல்தான். பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் சதவிகிதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலாயில் 'காபாஸ்' என்றால் பருத்தி. 100 சதவிகிதம் காபாஸ் என்று இருந்தால்தான் பருத்திச் சாயத்துக்கு அது ஏற்றது. சதவிகிதமே போடாத நூலைத் தோய்ப்பதற்கென்று வாங்காதீர்கள். கைப்பேசியில் வாங்குவதானால், எட்டு உருண்டைக்குப் பணம் கட்டுமுன் ஒரே ஒரு உருண்டை வரவழைத்துக் கொளுத்திப் பாருங்கள்.

கொளுத்திப் பார்ப்பது நம் பாட்டிமார் பட்டுச்சேலைச் சரிகைக்குச் செய்துவந்த சோதனைதான். பருத்தி சீக்கிரம் எரியும், காகித மணம் வரும், சாம்பல் பூவாக உதிரும். கம்பளி எரியத் தயங்கும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், தலைமுடி கருகுகிற நாற்றம் வரும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும். ஆறினால் கல் மாதிரி மணியாகும். உருகிய சொட்டு கையில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்காதீர்கள். வெறும் விரலால் பிடிக்கவும் வேண்டாம். பேசினில் தண்ணீர் இல்லாமல் செய்யவே கூடாது.

ஏன் இப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது? பருத்தி செடியிலிருந்து வருவது. கம்பளி ஆட்டின் மயிர். அக்ரிலிக் மண்ணெண்ணெயின் வம்சம், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. மூன்றுக்கும் பிறப்பே வேறு என்பதால், ஒன்றுக்கு ஒட்டும் சாயம் மற்றதற்கு ஒட்டாது. அக்ரிலிக்குக்குத் தனிச் சாயம் உண்டு. அது கொதிநிலைக்குக் கிட்டத்தட்ட நெடுநேரம் வேகவேண்டும். வீட்டுச் சமையலறையில் அந்த வேலை வேண்டாம் என்பேன். அக்ரிலிக் வேண்டுமானால் நிறம் போட்டதையே வாங்கிவிடுங்கள். ஆலையில் போட்ட நிறம் சுலபத்தில் போகாது.

வாங்கும்போது இன்னொன்றும் கவனிக்கவேண்டும். நிறம் போட்ட நூலின் பட்டையில் சாய எண்ணோடு 'லாட்' என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் போட்ட உருண்டைகளுக்கெல்லாம் ஒரே லாட் எண் இருக்கும். இன்று நான்கு, சம்பளம் வந்ததும் நான்கு என்று வாங்கினால் லாட் மாறிவிடும். கடையில் பார்க்கும்போது இரண்டும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். பின்னி முடித்து வெயிலில் பிடிக்கும்போதுதான் போர்வையின் நடுவே கோடு தெரியும்.

இதை நான் பட்டே அறிந்தேன். 2016-ஆம் ஆண்டு எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழா மேடைக்கு ஆறாம் ஆண்டு மாணவிகளோடு சேர்ந்து நூல் தோரணம் பின்னினேன். வெள்ளைப் பருத்தி நூல் வாங்கி நானே குங்குமச் சிவப்புத் தோய்த்தேன். ஒரு சனிக்கிழமை பாதி, அடுத்த சனிக்கிழமை மீதி. அதே சாயம், அதே வாளி, அதே கை. ஆனால் இரண்டாம் முறை சாயத்தை நிறுக்காமல் கண்ணளவாகப் போட்டுவிட்டேன். விழாவன்று மேடையின் இடப்பக்கம் குங்குமம், வலப்பக்கம் செங்கல்! தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்து, "டிசைனா டீச்சர்?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டேன். மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆகவே எவ்வளவு தேவையோ அவ்வளவையும் ஒரே நாளில், ஒரே தண்ணீரில் தோய்த்துவிடுங்கள். ஓர் உருண்டை அதிகமாகவே தோயுங்கள். குறைந்தால் மறுபடி அதே நிறம் வராது.

இனி உப்பு விஷயம். புதுத் துணி வாங்கினால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்பது நம் வீடுகளில் தாய்வழியாக வந்த நம்பிக்கை. சிலர் வினிகரும் ஊற்றுவார்கள். தாய்மார் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன்: பருத்தியில் ஒட்டாத சாயத்தை உப்பும் நிறுத்தாது, வினிகரும் நிறுத்தாது. தொட்டியில் உப்பின் வேலை வேறு. தண்ணீரில் மிதக்கும் சாயத்தை நூல் பக்கம் தள்ளிவிடுவதுதான் அது. தள்ளியதைப் பிடித்து முடிச்சுப் போட வேறொன்று வேண்டும். கொதிக்கவைத்துப் போடும் பொட்டலச் சாயங்களில் பலவற்றில் பருத்திக்கு அந்த முடிச்சே கிடையாது. சாயம் நூலோடு சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகும். சாக்குக்கும் திரைக்கும் அது போதும். குழந்தையின் தொப்பிக்குப் போதாது. ஜோகூர்ச் சகோதரிக்கு நேர்ந்த இரண்டாவது விபத்து இதுதான்.

முடிச்சுப் போடும் சாயங்களுக்கு ரியாக்டிவ் சாயம் என்று பெயர். அவை நூலோடு இரசாயன முறையில் கலந்து ஒன்றாகிவிடும். இங்கே சிறிய கதை ஒன்று சொல்லவேண்டும். 1856-ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கொய்னாவின் கசப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்து வரவில்லை. குடுவையில் கருப்பாக ஒரு கசடு தங்கியது. அதைக் கரைத்தபோது ஊதா நிறம் வந்தது. உலகம் கண்ட செயற்கைச் சாயங்களில் முதன்முதலாக வியாபாரமாகி வெற்றி கண்டது அதுதான். அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1956-இல், பருத்தியோடு இரசாயனமாகப் பிணையும் புரோசியன் சாயங்களை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்து ரெமசோல் வந்தது. கிளந்தான், திரங்கானுப் பாத்தேக் துணிகளில் தூரிகையால் தீட்டுகிறார்களே, அதற்குப் பெரும்பாலும் இந்த ரெமசோல்தான். ஆகவே பாத்தேக் சாமான் விற்கும் கடைகளில் சிறு பொட்டலமாகவே இது கிடைக்கும். பெயர் சொல்லிக் கேளுங்கள். "துணிச்சாயம்" என்று மட்டும் கேட்டால் பழைய பொட்டலத்தையே எடுத்து நீட்டுவார்கள்.

100 கிராம் முழுப் பருத்தி நூலுக்கு நான் செய்யும் கணக்கைச் சொல்கிறேன். நூல் அதிகமானால் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பெருக்கிக்கொள்ளுங்கள்.

உருண்டையை அப்படியே சாயத்தில் போடாதீர்கள். உள்ளே வெள்ளையாகவே இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிப் பெரிய சிட்டமாக்கி, நான்கு இடத்தில் வேறு பருத்தி நூலால் எட்டுப் போல் வளைத்துத் தளர்த்தியாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கட்டிய இடம் வெள்ளைப் பட்டையாக நிற்கும். கட்டாமல் விட்டால் தோய்த்தபின் சிக்கெடுத்தே பொழுது விடியும். அடுத்து, சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாக அலசுங்கள். பருத்தியில் இயற்கையாகவே மெழுகு உண்டு. அது போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். அலசிய நூலைப் பிழியாமல் நனைந்தபடியே வைத்திருங்கள்.

சாயம் 2 கிராம். வெளிர் நிறத்துக்கு 1 கிராம் போதும், அடர்த்திக்கு 4 வேண்டும். தண்ணீர் 2 லிட்டர், உப்பு 100 கிராம், சோடா ஆஷ் 20 கிராம். சமையல் சோடா வேறு, சோடா ஆஷ் வேறு; மாற்றிப் போட்டால் பலிக்காது. சாயத்தைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, உப்புக் கரைத்த தண்ணீரில் கலந்து, ஈரச் சிட்டத்தை முக்குங்கள். இருபது நிமிடம் விடாமல் கிளறவேண்டும். இந்த இருபது நிமிடத்தில் சோம்பல்பட்டால் நூல் புலித்தோலாகிவிடும். பிறகு சிட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெந்நீரில் தனியாகக் கரைத்த சோடாவைத் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, நூலை மறுபடி இறக்குங்கள். சோடாதான் அந்த முடிச்சு. இதன்பின் ஒரு மணி நேரம், அவ்வப்போது கிளறிக்கொண்டிருந்தால் போதும். புரோசியன் வகைக்கு நம் ஊர்ச் சூடே பெரும்பாலும் சரி. குளிர் நாட்டுக்காரர்கள் தண்ணீரைச் சுடவைத்துச் செய்வதை நாம் பின்கட்டு வாளியில் செய்துவிடலாம். ரெமசோலுக்கு மட்டும் 60 பாகை சூடு வேண்டும். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் சிறு தீயில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோடா கலந்த சாயத்தண்ணீரை நாளைக்கென்று மூடிவைக்காதீர்கள். சாயம் நூலோடு மட்டுமல்ல, தண்ணீரோடும் சேர்ந்துவிடும். சில மணி நேரத்தில் வெறும் நிறத்தண்ணீர்தான் மிஞ்சும். அப்படித் தண்ணீரோடு சேர்ந்த சாயத்தில் ஒரு பங்கு நூலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் துவைப்பில் இறங்குவது அதுதான். அதை நாமே கழுவி எடுத்துவிடவேண்டும்.

என்னைக் கேட்டால் தோய்ப்பது பாதி வேலை, கழுவுவது மீதிப் பாதி. முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பும் சோடாவும் போக அலசுங்கள். பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டுக் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் நிறமாக இறங்கும். கொட்டிவிட்டு மறுபடியும் வெந்நீர். தெளிந்த தண்ணீர் நிற்கும் வரை இப்படியே செய்யவேண்டும். சிவப்புக்கு நான்கைந்து முறை ஆகும். மயில் நீலம் எல்லா நிறத்தையும்விடப் பிடிவாதக்காரி. நூலில் ஏறவும் கூடுதல் சூடும் நேரமும் கேட்பாள், கழுவும்போதும் லேசில் விடமாட்டாள். ஜோகூர்ச் சகோதரி முதன்முதலாக எடுத்த நிறமே இதுவாக அமைந்துவிட்டது! கடைசியாக ஈர நூலை வெள்ளைத் துணியில் சுருட்டி ஓர் இரவு வையுங்கள். காலையில் துணி வெள்ளையாக இருந்தால் பின்னலாம். கறை இருந்தால் திரும்ப வெந்நீர்தான். காயப்போடுவது நிழலில்.

பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சாயத்துக்கு எடுத்த வாளியும் அகப்பையும் மறுபடி அடுப்படிக்கு வரக்கூடாது. அலுமினியச் சட்டி வேண்டாம். சோடா அதை அரித்துவிடும். சாயப்பொடியை அளக்கும்போது காற்றாடியை நிறுத்தி, முகக்கவசமும் ரப்பர்க் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பொடி மூச்சில் ஏறினால் சிலருக்கு ஒவ்வாமையாகி மூச்சிரைப்பு வரும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் பொட்டலத்தை அவர் பக்கத்தில் பிரிக்கவே வேண்டாம். களைக்கொல்லி வந்த கலன்களைக் கழுவி வாளியாக வைத்திருக்கும் பழக்கம் தோட்டப்புறத்தில் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாராகுவாட் நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து தடையாகிவிட்டது. ஆனால் பழைய கலன்கள் பின்கட்டில் கிடக்கின்றன. அவற்றைச் சாயத்துக்கும் எடுக்காதீர்கள், வேறு எதற்கும் எடுக்காதீர்கள். மிஞ்சிய சாயத்தண்ணீரைக் கீரைப்பாத்தியில் ஊற்றவேண்டாம். உப்பிலும் சோடாவிலும் செடி கருகிவிடும். நிறையத் தண்ணீர் கலந்து கழிவறையில் ஊற்றுங்கள்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் சகோதரிகளுக்குக் கம்பளிதான் தேவைப்படும். உங்கள் வேலை எங்களுடையதைவிடச் சுலபம். கம்பளிக்கு வினிகரே முடிச்சு. பருத்தியில் பலிக்காத வினிகர் இங்கே பலிக்கும். அதிலும் விசேஷம், கேசரிக்குப் போடும் உணவு நிறமே கம்பளியில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். 100 கிராம் கம்பளியை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, மூன்று மேசைக்கரண்டி வினிகரும் நிறமும் கலந்த தண்ணீரில் இறக்கி, மெல்லச் சூடேற்றுங்கள். கொதிக்க விடாதீர்கள். ஆவி பறந்தால் போதும், அந்த நிலையில் அரைமணி வையுங்கள். சாயமெல்லாம் கம்பளிக்குள் போய்த் தண்ணீர் தெளிந்துவிடும். அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. பாத்திரத்திலேயே ஆறவிட்டு அலசுங்கள். சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கிக் கட்டிதட்டிப் போகும், பிறகு அது எதற்கும் ஆகாது. இன்னொரு எச்சரிக்கை. "அசிட்தானே வேண்டும், ரப்பர்ப்பால் உறையவைக்கும் அசிட் போடலாமா?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். சாய ஆலைகளில் அதே ஃபார்மிக் அசிட்டைப் பயன்படுத்துவதும் உண்மைதான். ஆனால் அது தோலைப் பொசுக்கும், அதன் ஆவி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். வீட்டுக்கு வினிகரே போதும்.

மஞ்சளில் தோய்க்கலாமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். தோய்க்கலாம். பருத்தியில் மஞ்சள் உடனே ஏறும், பார்க்கவும் மங்களமாக இருக்கும். ஆனால் தாலிக் கயிற்றுக்கு ஏன் அடிக்கடி மஞ்சள் பூசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வெயிலும் சோப்பும் அதை நிற்க விடாது. மேலும் ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பது போல், சலவைச் சோப்பின் காரம் பட்டாலும் சிவந்து போகும். பூசை அறைக்கு ஒருநாள் தோரணம் என்றால் மஞ்சள். வருடக்கணக்கில் உழைக்கவேண்டிய மேசைவிரிப்பு என்றால் வேண்டாம். இயற்கைச் சாயமே வேண்டும் என்பவர்களுக்குத் தேயிலைத்தூளைச் சொல்வேன். அதன் துவர்ப்பு நூலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சந்தன நிறத்திலிருந்து பழுப்பு வரை கிடைக்கும். வெங்காயச் சருகு இன்னும் அழகான பொன்னிறம் தரும். அதற்கு 100 கிராம் நூலுக்கு 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் நூலை முன்கூட்டியே ஊறவைக்கவேண்டும். அதையும் முதலில் தேயிலைத் தண்ணீரில் தோய்த்துவிட்டுச் செய்தால் பருத்தியில் இன்னும் நன்றாக நிற்கும்.

இத்தனையும் சொன்னபின், நான் கைவேலை சொல்லித்தருபவளாக இருந்தும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு தொப்பிக்கும் ஒரு பர்சுக்கும் நூல் தோய்ப்பது வீண் வேலை. ஒரு பகல் முழுதும் போகும், பத்து வாளித் தண்ணீர் போகும். கடையில் நிறம் போட்டதை வாங்குவதே லாபம். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே நிறம் வேண்டும், அந்த நிறம் கடையில் இல்லை, வெள்ளை நூல் மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் நான் வாளியைத் தூக்குவேன். கைக்குழந்தைச் சாமானுக்கு வீட்டுச் சாயமே வேண்டாம் என்பது என் பிடிவாதம். குழந்தை எதையும் வாயில் வைத்துச் சப்பும். அதற்கு வெள்ளையோ ஆலை நிறமோ போதும். மயில் நீலம்தான் வேண்டும் என்று பாட்டிமார் அடம்பிடித்தால், "இல்லை அம்மா" என்று சொல்லப் பழகுங்கள். நம் பெண்களுக்கு அது வரவே வராது.

விலை சொல்வதும் வராது. ஜோகூர்ச் சகோதரி எண்பது வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார். எட்டு உருண்டை நூல், சாயம், உப்பு, அடுப்புக் காஸ் எல்லாம் போக மிஞ்சியது ஐம்பதுக்கும் கீழே என்று அவரே எழுதியிருக்கிறார். மூன்று வாரத்து இரவுகளுக்கு அது கூலியா? அடுத்த முறை நூல் விலையை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஊசியைத் தொடுங்கள். என்ன நூல், எப்படித் துவைக்கவேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிச் சாமானோடு வையுங்கள். கைக்கு அடக்கமாக ஒரு சதுரம் பின்னி, நீங்களே மூன்று முறை சோப்புப் போட்டுத் துவைத்துப் பார்த்த பிறகு மீதியைப் பின்னுங்கள்.

ஜோகூர்ச் சகோதரிக்கு: திரும்பி வந்த செட்டைப் பிரித்துப் போடாதீர்கள். வெந்நீரும் பாத்திரச் சோப்பும் விட்டு, இறங்கும் நீலத்தையெல்லாம் இறக்கிவிடுங்கள். வெளிறிப் போகும், போகட்டும். போர்வை உங்கள் வீட்டு நாற்காலிக்கு விரிப்பாகும். மேலே எழுதிய சோதனைகளை மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். மீதம் வைத்திருக்கும் அந்த வெள்ளை நூலில் ஒரு துண்டை அவர் கண்முன்னே கொளுத்திக் காட்டுங்கள், நுனியில் நிற்கும் கருப்பு மணியை அவரே நகத்தால் அழுத்திப் பார்க்கட்டும். என்னிடம் முழுப் பருத்தி வெள்ளை நூலில் இரண்டு சிட்டம் கட்டித் தயாராக இருந்தது. 10 கிராம் சாயமும் கொஞ்சம் சோடா ஆஷும் தனித்தனிப் பொட்டலமாக வைத்து, உங்கள் கடிதத்தில் கண்ட முகவரிக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். சாயம் மயில் நீலம் இல்லை. முதல் முறைக்குக் கருநீலம் போதும். தோய்த்து, கழுவி, வெள்ளைத் துணியில் ஓர் இரவு சுருட்டி வைத்து, காலையில் அந்தத் துணி எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

சந்தைக்குக் கொண்டுபோகும் கைப்பைக்கு எத்தனை கண் போடவேண்டும், கைப்பிடி இழுபடாமல் எப்படிப் பின்னுவது என்று கிள்ளானிலிருந்து இருவர் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.